பச்சை மேசையில் மூன்றுக்குப் பூச்சியம்

வாலியா ஸ்தெஜார், ருமேனியா
08.09.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

அந்தோனியார் புண்ணியத்தில் நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் நோவும் அண்ணியின் முதுகு நோவும் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். பிள்ளை யூலியானா ஜிம்னேசியம் என்ற மேல்நிலைப் பள்ளிக்குப் போகத் தொடங்கியிருப்பாள். அவளுக்கு என் முத்தங்கள்.

போனில் கதைத்தால் மூன்றாவது நிமிடம் நீங்கள் கத்துவீர்கள், நான்காவது நிமிடம் நான் வைத்துவிடுவேன். இனிமேல் எழுதுவோம் என்று நீங்கள் சொன்னது நல்ல யோசனைதான். எழுதும்போது சண்டை பிடிக்க மனம் வருவதில்லை.

நீங்கள் அனுப்பிய விடுவிப்புக் கடிதம் கிடைத்தது. பண்ணைப் பயிற்சி முடிந்து 2022இல் நான் டென்மார்க்கை விட்டுப் போனதிலிருந்து உங்கள் உதைபந்தாட்டக் கழகத்தில் இல்லை என்று நீங்கள் கையொப்பமிட்ட அந்த ஒரு தாள் இல்லாமல் இங்கே என்னைப் பதிந்திருக்க மாட்டார்கள். செயலாளர் அதற்கு மேல் மூன்று முத்திரை குத்தினார்.

எங்கள் அணியின் பெயர் ஸ்தெஜாருல். கருவாலி மரம் என்று அர்த்தம். இங்கே நாட்டின் உச்சியில் இருப்பது முதலாம் லீகா, அதாவது முதல் பிரிவு, தொலைக்காட்சியில் காட்டுவது. நாங்கள் நான்காம் லீகா. மாவட்டத்துக்குள் மட்டும் விளையாடுவோம். பதினாறு அணிகளில் முதலாவதாக வந்தாலும் நேரே மேலேற முடியாது. ஜூனில் அயல் மாவட்டத்தின் முதலாவது அணியோடு இரண்டு ஆட்டம், அங்கொன்று, இங்கொன்று. வென்றவர் மூன்றாம் லீகாவுக்குப் போவார். தோற்றவர் திரும்பவும் பழைய இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

கழகத் தலைவர்தான் எங்கள் தளபாடத் தொழிற்சாலையின் முதலாளி. மேலேறினால் என்னைப் பலகை தேய்க்கும் இயந்திரத்திலிருந்து எடுத்துக் கழகத்தின் ஆளாகப் பதிந்து, மன்னாரிலிருந்து மனைவி மேரிகிறேசையும் மகளையும் கூப்பிடக் கடிதம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஓர் அறையில் ஆறு பேர் படுக்கும் இந்த விடுதியில் இருக்கும்வரை அது நடவாது. ஆகவே நான் ஓடுவது எதற்காக என்று உங்களுக்கு விளங்கும்.

எனது பதினொன்றாம் இலக்கச் சட்டையை இப்போது யார் போடுகிறார்கள்?

உங்கள் செபத்தில் என்னையும் நினையுங்கள்,
தம்பி ஜூலியன்


ஒடென்சே
06.10.2024

என் தம்பி ஜூலியனுக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோசம். இங்கே எல்லோரும் இருக்கிறோம். முழங்கால் அப்படியேதான். டொக்டர் நடக்கச் சொல்கிறார், நடந்தால் நோகிறது. அண்ணிக்குப் பராமரிப்பு இல்லத்தில் ஆட்கள் குறைவு. வயோதிபர்களைத் தூக்கித் தூக்கி அவளும் ஒரு பக்கம் சரிந்துவிட்டாள்.

எங்கள் முத்துக் கழகத்தின் நிலையைக் கேட்டால் அழுவாய். சீரி 4 என்ற கீழ்ப் பிரிவில் கடைசிக்கு முதல் இடம். கடைசி இரண்டு அணிகள் சீரி 5க்கு இறங்க வேண்டும். போன ஞாயிறு ஏழு பேரோடு நின்றோம். ஒருவனுக்கு இரவு வேலை, இரண்டு பேருக்கு கோல்டிங்கில் சாமத்தியச் சடங்கு வீடு, இன்னொருவன் மகளை நீச்சலுக்குக் கூட்டிப் போயிருக்கிறான். மத்தியஸ்தர் மணிக்கூட்டைப் பார்க்கிறார், நான் வீதியைப் பார்க்கிறேன். ஒருவரும் வரவில்லை.

கீழே இறங்கினால் நகரசபையான கொம்மூன் எங்களுக்குத் தரும் வியாழக்கிழமை மைதானத்தை வேறு கழகத்துக்குக் கொடுத்துவிடும். மைதானம் போனால் பொடியள் போவார்கள். பொடியள் போனால் கழகம் என்று சொல்ல நானும் ஒரு பை பந்தும்தான் மிஞ்சும். இருபத்திரண்டு வருசம், தம்பி. பனியில் நான் கோடு கீறிய மைதானம் அது.

நவரத்தினம் அண்ணையின் மகன் துஷாந்தனை உனக்குத் தெரியாது. இங்குள்ள பெரிய டெனிஷ் கழகமொன்றில் பதிந்து ஆடுகிறவன். ஆகவே எங்களுக்கு ஆட அனுமதி இல்லை. சும்மா வேடிக்கை பார்க்க வருவான். இடது கால் உன்னுடையதைப் போலவே. அவன் பந்தை நிறுத்தும்போது உன் ஞாபகம்தான் வருகிறது. நீ அடித்த கோல்களை விடக் கோட்டை விட்டவைதான் எனக்கு அதிகம் ஞாபகம், அது வேறு கதை.

குளிருக்குக் கவனம். சாப்பாட்டைக் குறைக்காதே.

அன்பு அண்ணன்,
யோசேப்


வாலியா ஸ்தெஜார்
17.11.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருமல் ஒன்று இருந்தது, போய்விட்டது. மற்றபடி ஒரு குறையும் இல்லை. வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

கோட்டை விட்டதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இதுவரை ஒன்பது கோல் அடித்திருக்கிறேன். ஒக்டோபர் இருபதாம் திகதி ஞாயிறு மட்டும் இரண்டு. அன்றைக்கு மைதானத்தில் ஒரு பசு ஏறிவிட்டது. மத்தியஸ்தர் ஆட்டத்தை நிறுத்தினார். பசுவின் சொந்தக்காரர் எதிரணியின் கோல் காப்பாளர். அவர் அதை வீட்டில் கட்டிவிட்டு வரும்வரை நாங்கள் நின்றோம். திரும்பி வந்தவரின் கை களைத்திருந்தது. அவ்வளவுதான், என் திறமை என்று சொல்ல ஒன்றுமில்லை.

இங்கே என்னை ‘இயூலி’ என்று கூப்பிடுகிறார்கள். பயிற்சியாளர் நெலு முந்திப் பேருந்துச் சாரதி. கோபம் வந்தால் “கடைசித் தரிப்பிடம் வந்திட்டுது, இறங்கு” என்று கத்துவார். என்னை இன்னும் இறக்கவில்லை.

முதலாவது இடத்தில் நிற்கிறோம். நிலம் உறைந்துவிட்டது. இனி மார்ச்சில்தான் ஆட்டம். வசந்தத்தில் ஒரு தடவை வந்து பாருங்கள். பில்லுண்டிலிருந்து மலிவு விமானம் இருக்கிறது என்கிறார்கள். உங்களுக்கு என் கட்டிலைத் தந்துவிட்டு நான் நிலத்தில் படுப்பேன்.

பதினொன்றாம் இலக்கத்தைப் பற்றிக் கேட்டேன். பதில் எழுத மறந்துவிட்டீர்கள்.

என்றும் அன்புடன்,
ஜூலியன்


ஒடென்சே
05.01.2025

தம்பி ஜூலியனுக்கு,

பிறந்த பாலன் உன்னையும் மேரிகிறேசையும் பிள்ளையையும் காப்பாராக. நத்தார்ப் பூசைக்கு நல்ல சனம். விபோர்க்கிலிருந்தும் வந்திருந்தார்கள். அண்ணி பலகாரம் சுட்டாள். உனக்கு அனுப்ப நினைத்தோம், உடைந்துவிடும் என்று விட்டுவிட்டோம்.

பனிக்கு முன் கடைசி மூன்று ஆட்டமும் வென்றோம். ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. வசந்தத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளினால் தப்பிவிடுவோம். உன் சட்டை பெட்டிக்குள் கிடக்கவில்லை, அதற்கு ஆள் இருக்கிறது. கவலைப்படாதே.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. நீ அங்கே விளையாடும் படங்களை, எந்த ஊரில், எந்த நாளில், எத்தனை கோல் என்றெல்லாம் எழுதி முகநூலில் போடுகிறாய். இங்கே எல்லோரும் பார்க்கிறார்கள். எல்லோருடைய கண்ணும் நல்ல கண் இல்லை. பொறாமையால் கெட்டவர்களை எனக்குத் தெரியும். அவற்றை எடுத்துவிடு. மேலேறிய பிறகு வேண்டிய அளவு போடலாம்.

வசந்தத்தில் வர முழங்கால் விடாது போலிருக்கிறது.

உன் அண்ணன்,
யோசேப்


வாலியா ஸ்தெஜார்
30.03.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நோய் நொடி இல்லை. உங்கள் முழங்காலுக்கு இங்கே ஒரு களிம்பு விற்கிறார்கள், குதிரைக்குப் பூசுவது. மனிதருக்கும் கேட்கும் என்கிறார் நெலு. சிறிய டப்பா ஒன்று இத்துடன் வருகிறது. அண்ணியிடம் குதிரை என்று சொல்ல வேண்டாம்.

நீங்கள் சொன்னபடி படங்களை எல்லாம் அழித்துவிட்டேன். விடுதியில் இருக்கும் பொடியள் சிரித்தார்கள். “அண்ணைக்குப் பயந்த பொடியன்” என்றார்கள். ஓம், பயம்தான் என்றேன்.

இங்கே ஒரு விசித்திரம் நடந்தது. பட்டியலில் கடைசியாக நின்ற அணி, பனிக்குப் பிறகு திரும்பி வரவில்லை. பேருந்துக்கு எண்ணெய் இல்லை, அணியைக் கலைத்துவிட்டார்கள். சட்டப்படி அவர்களோடு ஆடிய எல்லா ஆட்டங்களும் இல்லாமற் போயின. நாங்கள் அவர்களை வென்று பெற்ற மூன்று புள்ளியும் போனது. இரண்டாம் இடத்தில் இருந்த அணி அவர்களிடம் தோற்றிருந்தது. அவர்களுக்கு இழக்க ஒன்றும் இல்லை. விளையாடாமலே எங்களை நெருங்கிவிட்டார்கள். நேர்மையாக வென்றதும் தாளில் அழியலாம் என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

இனிமேல் ஒரு ஆட்டமும் தோற்க முடியாது.

உங்கள் நலத்தை எப்போதும் வேண்டும்,
ஜூலியன்


ஒடென்சே
11.05.2025

தம்பி,

சுகம். களிம்பு கிடைத்தது, நாற்றம் தாங்க முடியவில்லை, நோவு கொஞ்சம் குறைவு.

எங்களுக்கு இன்னும் இரண்டு புள்ளி வேண்டும். வேறு எழுத நேரமில்லை. மேரிகிறேசிடம் எதிலும் அவசரப்பட வேண்டாம் என்று சொல்.

யோசேப்


வாலியா ஸ்தெஜார்
22.06.2025

அன்பு அண்ணாவுக்கும் அண்ணிக்கும் மகள் யூலியானாவுக்கும்,

ஆண்டவருக்கு நன்றி. உடம்பில் ஒவ்வொரு எலும்பும் நோகிறது. இவ்வளவு சந்தோசமாக நான் ஒருநாளும் நொந்ததில்லை.

மாவட்டத்தில் முதலாவதாக வந்தோம் என்று அண்ணியின் போனுக்குச் செய்தி போட்டிருந்தேன். பிறகு அயல் மாவட்டத்துப் பொதேனி அணியோடு இரண்டு ஆட்டம். போன சனிக்கிழமை அவர்களின் மைதானத்தில் இரண்டுக்கு ஒன்று என்று வென்றோம். நேற்று இங்கே. எழுபத்தெட்டாவது நிமிடம்வரை கோல் இல்லை. அவர்கள் ஒன்று அடித்தால் எல்லாம் சமனாகிவிடும். இடது பக்கம் எனக்கு ஒரு பந்து வந்தது. உதைத்த பிறகு நான் பார்க்கவில்லை. சத்தத்தில்தான் தெரிந்தது.

ஊரில் இருந்த மூவாயிரம் பேரில் நடக்கக்கூடியவர்கள் எல்லோரும் மைதானத்தில் நின்றார்கள். பாதிரியார் தேவாலய மணியை அடித்தார். இவர்கள் ஓர்த்தடொக்ஸ் சபை, எங்கள் மாதிரி இல்லை, ஆனால் மணி ஒரே மணிதான். கழகத் தலைவர் எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்து, செப்டெம்பரில் உன் மனைவியும் பிள்ளையும் இங்கே இருப்பார்கள் என்றார். நெலு அதை ஒலிபெருக்கியில் திரும்பச் சொல்லச் சொன்னார். தலைவரும் சொன்னார்.

இரவே மேரிகிறேசுக்கு எடுத்தேன். அவள் காலையில் பாலர் பாடசாலைக்குப் போய் வேலையை விடுவதாகச் சொல்லிவிடுகிறேன் என்றாள். கொஞ்சம் பொறு என்றேன். “ஆயிரம் பேருக்கு முன்னால சொன்ன வாக்கை ஒருத்தர் மாத்துவாரா?” என்று கேட்டாள்.

நீங்களும் சீரி 4இல் தப்பிவிட்டீர்கள் என்று அண்ணி செய்தி போட்டிருந்தார். ஒரே மாதத்தில் இரண்டு வீட்டிலும் கொண்டாட்டம்.

நன்றியுடன்,
ஜூலியன்


வாலியா ஸ்தெஜார்
28.06.2025

அண்ணாவுக்கு,

சுகம் விசாரித்து எழுத இப்போது மனம் ஓடவில்லை, மன்னியுங்கள்.

பொதேனி அணி முறைப்பாடு கொடுத்திருக்கிறது. அவர்களின் செயலாளர் என் பெயரை இணையத்தில் தேடியிருக்கிறார். டென்மார்க்கின் ஆட்டப் பக்கத்தில் முத்துக் கழகத்துக்காக ஜூலியன் விளையாடியதாக இருக்கிறதாம். இந்தப் பருவத்தில் பதினொரு ஆட்டம். ஒக்டோபர் இருபதாம் திகதியும் இருக்கிறது. அன்றைக்கு நான் இங்கே இரண்டு கோல் அடித்தேன். ஒடென்சேயிலும் ஒரு கோல் அடித்திருக்கிறேனாம்.

இரண்டு நாட்டில் இரண்டு கழகத்துக்குப் பதிந்த ஆள் என்று முடிவானால், நான் ஆடிய ஒவ்வொரு ஆட்டத்தையும் மூன்றுக்குப் பூச்சியம் என்று எதிரணிக்குக் கொடுத்துவிடுவார்கள். மைதானத்தில் இல்லாமல் விசாரணையில் தோற்பதை இங்கே பச்சை மேசையில் தோற்பது என்பார்கள். நேற்று விசாரணைக் குழுவுக்கு முன்னால் நின்றேன். இது யாரோ எழுதும்போது விட்ட பிழை, என் அண்ணன்தான் அந்தக் கழகத்தின் தலைவர், அவர் ஒரு வரி எழுதினால் போதும் என்று சொன்னேன். என் அணி முழுவதும் பின்னால் இருந்தது. எல்லோருக்கும் மூச்சு வந்தது.

ஆகவே அந்த ஒரு வரி வேண்டும். ‘இந்த ஆட்டங்களில் விளையாடியவர் என் தம்பி ஜூலியன் அல்ல.’ டெனிஷிலோ ஆங்கிலத்திலோ எழுதிக் கையொப்பம் வைத்து, கீழேயுள்ள முகவரிக்கு மின்னஞ்சலில் ஜூலை எட்டாம் திகதிக்கு முன் அனுப்புங்கள். இறுதி விசாரணை பதினைந்தாம் திகதி.

நாலு தடவை போன் எடுத்தேன். நீங்கள் எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை அண்ணி எடுத்து, நீங்கள் கோயிலுக்குப் போய்விட்டதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை பின்னேரம் என்ன பூசை? இதுவரை எழுதியதைப் படமெடுத்து உங்கள் போனுக்கும் அனுப்பினேன். நீங்கள் பார்த்ததற்கு இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கிறது.

காத்திருக்கும்,
ஜூலியன்


ஒடென்சே
10.07.2025

தம்பி ஜூலியனுக்கு,

நீயும் உன் குடும்பமும் எல்லா நலமும் பெற மடு மாதாவை மன்றாடுகிறேன். எங்களுக்குச் சுகம்.

பதில் சுணங்கியதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீதியில் இருந்த சிவப்புத் தபால் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இனிமேல் கடிதம் போடக் கடைக்குப் போக வேண்டும். முழங்காலும் வீங்கியிருக்கிறது.

உன் விசயம் கழக நிர்வாகத்தில் பேசப்பட்டது. இது நீ நினைப்பதுபோல ஒரு வரியில் முடிகிற காரியம் இல்லை. இங்குள்ள உதைபந்தாட்டச் சங்கமும் எங்களைக் கேட்டிருக்கிறது. ஆள் மாறி விளையாடியதாகச் சொன்னால் கழகத்தைக் கலைத்தே விடுவார்கள். நவரத்தினம் அண்ணையின் மகனின் எதிர்காலம் இருக்கிறது. நாலு பேர் தமிழரைப் பற்றி என்ன கதைப்பார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். எழுத வேண்டியதை எழுத வேண்டிய இடத்துக்கு எழுதிவிட்டேன். நீ தந்த முகவரிக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது.

நீ கெட்டிக்காரன். உனக்கு வயது இருக்கிறது. யாரோடும் இதைப் பற்றிக் கதைக்காதே. அம்மாவுக்கு ஒன்றும் சொல்லாதே, அவவுக்கு இதயம் பலவீனம்.

அன்புடன்,
அண்ணன் யோசேப்


ஒடென்சே
12.07.2025

தம்பி ஜூலியன்,

அண்ணி எமிலியா எழுதுகிறேன். சுகம் கேட்டுத் தொடங்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. போனில் எழுதினால் உங்கள் அண்ணா பார்ப்பார். அதனால் வேலைக்குப் போகும் வழியில், ட்ராம் ஏற முன் கடையில் இதைப் போடுகிறேன்.

உங்கள் பெயரில் விளையாடியது துஷாந்தன். கழக உறுப்பினர் பக்கத்திலிருந்து உங்கள் பெயரை உங்கள் அண்ணா ஒருநாளும் எடுக்கவில்லை. இங்கே கீழ்ப் பிரிவில் ஒருவரும் முகத்தைப் பார்ப்பதில்லை. பெயரும் இலக்கமும் இருந்தால் சரி. மைதானத்தில் நின்ற எல்லோருக்கும் தெரியும். “ஜூலியன், பந்தைக் குடு” என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். அவனும் கையை உயர்த்துவான்.

சங்கத்தின் கடிதம் வந்த அன்று, பதிலை டெனிஷில் எழுதித் தரும்படி யூலியானாவிடம் கேட்டார். அவர் சொல்லச் சொல்ல அவள் கணினியில் அடித்தாள். விடுவிப்புக் கடிதம் தவறுதலாகக் கொடுக்கப்பட்டது, தம்பி எப்போதும் எங்கள் உறுப்பினர், வார இறுதிகளில் விமானத்தில் வந்து விளையாடிவிட்டுப் போவார் என்று சொன்னார். பிள்ளை கையை எடுத்துவிட்டாள்.

“தெ ஏ லோய்ன், ஃபா” என்றாள். இது பொய் அப்பா என்று.

“பொய் இல்லை. கழகத்தைக் காப்பாத்திறது.”

அவள் எழும்பிப் போனாள். நான் அடுப்படியில் நின்றேன். நான் கேட்டேன், “எந்தப் பிளேனில வந்தவன்? வந்து எங்க படுத்தவன்? எனக்குத் தெரியாமல் எந்தக் கோப்பையில சாப்பிட்டவன்?”

அவர் கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடித்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்: “அவனுக்கு இன்னொரு வருசம் வரும். எங்களுக்கு வராது.”

அதைத்தான் அனுப்பியிருக்கிறார், உங்கள் குழுவுக்கும் சேர்த்து. மேரிகிறேஸ் என்னிடம் கேட்டிருந்தாள், அங்கே செப்டெம்பரில் குளிர் தொடங்கிவிடுமா, பிள்ளைக்கு என்ன வாங்க வேண்டும் என்று. நான் இன்னும் பதில் போடவில்லை.

இந்தக் கடிதத்தை நீங்கள் யாருக்குக் காட்டினாலும் எனக்குச் சம்மதம்.

எமிலியா


வாலியா ஸ்தெஜார்
27.07.2025

அண்ணாவுக்கு,

அண்ணியின் கடிதம் இருபத்திரண்டாம் திகதி வந்தது. விசாரணை முடிந்து ஒரு கிழமை. ஆகவே நீங்கள் எழுதியது என்ன என்று நான் முதலில் கேட்டது விசாரணை மண்டபத்தில்தான். குழுத் தலைவர் அதை ருமேனிய மொழியில் வாசித்தார். எனக்கு இப்போது அந்த மொழி நன்றாக விளங்கும். விளங்காமல் இருந்திருக்கலாம்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உங்களுக்கு வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

தலைவர் தாளை எனக்குக் காட்டினார். இது உன் அண்ணனின் கையொப்பமா என்று கேட்டார். இல்லை, யாரோ கள்ளமாக வைத்தது என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு அதை ஒதுக்கி வைத்திருப்பார்கள். கழகத்தின் சட்டத்தரணி என் முழங்கையைத் தொட்டதும் அதற்காகத்தான். ‘ஓம்’ என்றேன். உங்கள் கையொப்பம்தானே. இதில் உள்ளது உண்மையா என்றார். இல்லை என்றேன்.

“அப்போது உன் அண்ணன் பொய் சொல்கிறாரா?”

அதே மண்டபத்தில், அதே ஆட்களுக்கு முன்னால், என் அண்ணன் ஒரு வரியில் எல்லாவற்றையும் முடித்து வைப்பார் என்று நான் சொல்லியிருந்தேன். எனக்குப் பின்னால் நெலு இருந்தார். மெதுவாகத்தான் சொன்னார். “சொல்லு, இயூலி. இப்ப சொல்லாட்டி இனி ஒருநாளும் சொல்லேலாது.”

சொன்னேன். என் அண்ணன் பொய் சொல்கிறார் என்று அந்நிய மொழியில் சொன்னேன். தமிழில் என்றால் வந்திருக்குமோ தெரியாது.

அது உதவவில்லை. நான் இங்கே விளையாடியதற்கு அழித்த படங்களைத் தவிர வேறு சாட்சிகளும் இருந்தன. மத்தியஸ்தர்கள் வந்தார்கள், பசுவின் சொந்தக்காரரும் வந்தார். ஆனால் நான் எங்கே நின்றேன் என்பது கேள்வியே இல்லை என்று குழு சொல்லிவிட்டது. ஒரே ஆள், ஒரே கையொப்பம், இரண்டு கடிதம். ஒன்றில் நான் உங்கள் கழகத்தில் இல்லை, மற்றதில் ஒருநாளும் விலகவில்லை. எது பொய்யாக இருந்தாலும் என் பதிவு செல்லாது.

ஆகஸ்ட் தொடக்கம் நான் ஆடிய எல்லா ஆட்டமும் மூன்றுக்குப் பூச்சியம். முதலாவதாக வந்த நாங்கள் மத்தியானத்துக்குள் கடைசியாக வந்துவிட்டோம். பொதேனி மூன்றாம் லீகாவுக்குப் போகிறது. ஸ்தெஜாருல் ஐந்தாம் லீகாவுக்கு இறங்குகிறது. அங்கே மைதானங்களுக்கு வலையே இல்லை என்கிறார்கள். எனக்கு இரண்டு வருசத் தடை.

கழகத் தலைவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லது. திங்கட்கிழமை மேற்பார்வையாளர் வந்து, டிசம்பரோடு என் வேலை ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்க மாட்டார்கள் என்று சொன்னார். கடையில் பாண் வாங்கப் போனால் முந்தி வரிசையில் விட்டு முன்னே அனுப்புவார்கள். இப்போதும் முன்னே அனுப்புகிறார்கள். பக்கத்தில் நிற்காமல் இருப்பதற்காக.

நெலு மட்டும் வந்தார். என்னோடு விடுதி வாசலில் ஒரு சிகரெட் முடியும்வரை நின்றார். “எனக்கும் ஒரு அண்ணன் இருந்தவன்” என்றார்.

மேரிகிறேஸ் பாடசாலைக்குத் திரும்பிப் போய்க் கேட்டாள். அவளின் இடத்தில் வேறு ஆசிரியையை எடுத்துவிட்டார்கள். குளிருக்கு அவள் வாங்கி வைத்த கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு மகள் மன்னார் வெயிலில் திரிகிறாளாம். கழற்றச் சொன்னால் அழுகிறாளாம்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். டென்மார்க்கின் சங்கம் வியாழக்கிழமை எனக்கு நேரே எழுதியிருந்தது. குறிப்பிட்ட திகதிகளில் நான் ஒடென்சேயில் விளையாடினேனா, இல்லையா? பதில் எதுவானாலும் இங்குள்ள தீர்ப்பு மாறாது. அடுத்த பருவத்தின் ஆட்ட அட்டவணை வெளிவந்துவிட்டது. நான் பேசாமல் இருந்தால் உங்கள் கழகம் சீரி 4இல் இருக்கும். வியாழக்கிழமை மைதானம் இருக்கும். துஷாந்தன் தன் கழகத்தில் இருப்பான். எனக்கு இதனால் திரும்பி வரப்போவது ஒன்றும் இல்லை.

இரண்டு இரவு யோசித்தேன். இருபத்திரண்டு வருசம் கோடு கீறியதை யோசித்தேன். பண்ணையிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை ஏற்ற நீங்கள் அறுபது கிலோமீற்றர் கார் ஓடி வந்ததையும் யோசித்தேன். பிறகு நேற்றுக் காலை பதில் அனுப்பினேன். நான் விளையாடவில்லை, 2022க்குப் பிறகு டென்மார்க் மண்ணை மிதிக்கவும் இல்லை, இது என் அண்ணனுக்குத் தெரியும் என்று எழுதினேன். அண்ணியின் கடிதத்தை அனுப்பவில்லை. அவர் உங்களோடு அந்த வீட்டில் இருக்க வேண்டியவர்.

உங்களுக்குச் சங்கத்திலிருந்து கடிதம் வரும். அதற்கு முன் இது வந்து சேர வேண்டும் என்பதற்காகப் பதிவுத் தபாலில் போடுகிறேன். நீங்கள் செய்ததை நான் ஒரு மண்டபத்தில் நின்று கேட்டேன். நான் செய்ததை நீங்கள் வீட்டில் இருந்து வாசியுங்கள்.

அம்மாவுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் விரும்பியபடி சொல்லுங்கள். தம்பிதான் கழகத்தைக் காட்டிக் கொடுத்தான் என்று சொன்னாலும் அவ நம்புவா. நீங்கள் சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஜூலியன்